இரத்மலானை வானமும் எங்கள் உம்மாவின் பயமும்



இரத்மலானை, கல்கிசை, தெஹிவளைப் பக்கம் குடியிருக்கிற எங்களுக்குச் சின்ன விமானத்தின் சத்தம் பழகிப்போன ஒன்று. வகுப்பில் பாடம் நடக்கும்போது தலைக்கு மேலே ஒன்று போனால் ஒரு கணம் நிறுத்துவோம். சத்தம் குறைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் அதே மாதிரி ஒரு விமானத்தில் "வாங்க, ஏறுவோம்" என்று நம் வீட்டுப் பிள்ளையே கூப்பிட்டால் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது நம் ஆட்களிலும் பைலட் படிப்புக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். லைசன்ஸ் கையில் வந்ததும் உம்மா வாப்பாவையும் உம்மும்மாவையும்தான் முதலில் ஏற்றிக்கொண்டு போக ஆசைப்படுகிறார்கள். எங்கள் ராத்தாவின் மகனும் அப்படித்தான் வந்து நின்றான். அவனுடைய உம்மும்மா, அதாவது எங்கள் உம்மா, எழுபது தாண்டியவர். ஒரே வார்த்தையில் "ஏலாது" என்றார். அங்கிருந்து அவர் விமானத்தில் ஏறியது வரை நடந்ததை எழுதினால் யாருக்காவது உதவும் என்று நினைக்கிறோம்.

முதலில் இந்த இடத்தைப் பற்றி. இரத்மலானை தொடங்கியதே ஒரு சின்ன விமானத்தோடுதான். 1935 நவம்பர் 27ஆம் திகதி இங்கே முதன்முதலில் தரையிறங்கியது டி ஹவிலண்ட் புஸ் மொத் என்கிற விமானம். ஒரே எஞ்சின், பைலட்டோடு சேர்த்து மூன்று பேர் உட்காரலாம். சென்னையிலிருந்து அதை ஓட்டி வந்தவர் மெட்ராஸ் பிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ. 1947 டிசெம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டதும் இதே ஓடுபாதையிலிருந்துதான். கட்டுநாயக்க வந்த பிறகு பெரிய விமானங்கள் அங்கே போய்விட்டன. பயிற்சி விமானங்களும் உள்ளூர்ச் சேவைகளும் இங்கே தங்கின.

இந்தச் சரித்திரத்தை ராத்தாவின் மகன் பெருமையாகச் சொன்னான். உம்மாவிடம் வேறொரு சரித்திரம் இருந்தது.

1974 டிசெம்பர் 4. இந்தோனேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட மார்ட்டின் எயார் விமானம் கட்டுநாயக்கவில் இறங்க வந்துகொண்டிருந்தபோது மஸ்கெலியாப் பக்கம் சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. நான்கு வருடம் கழித்து, 1978 நவம்பர் 15. ஹஜ்ஜை முடித்துவிட்டுத் திரும்பிய இந்தோனேசிய யாத்ரிகர்களின் விமானம், இடியும் மழையுமான இரவில், கட்டுநாயக்க ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னால் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் மௌத்தானார்கள். பிறகு 1998 செப்டெம்பர் 29. பலாலியிலிருந்து இந்த இரத்மலானைக்கு வரவேண்டிய லயன் எயார் விமானம் 55 பேரோடு மன்னார்க் கடலில் விழுந்தது. சுட்டு வீழ்த்தப்பட்டது என்பது பிறகு தெரியவந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்காக வெள்ளவத்தையில் வழி பார்த்துக்கொண்டிருந்த அயலவர்களின் முகத்தை உம்மா கண்ணால் கண்டவர்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் போய் "பயப்படாதீங்க, ஒண்டும் ஆகாது" என்று சொன்னால் எப்படி எடுபடும்? வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் அதைத்தான் சொன்னார்கள். இன்னும் சிலர், "மௌத்து வாற நேரம் எங்க இருந்தாலும் வரும்" என்றார்கள். ஈமானோடு சேர்ந்த பேச்சுத்தான், மறுக்கவில்லை. ஆனால் உம்மா வாயை மூடிக்கொண்டாரே தவிர பயம் போகவில்லை. ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த ஒரு விசயம் அப்போது ஞாபகம் வந்தது. கணக்கென்றால் நடுங்குகிற பிள்ளையிடம் "இது லேசு" என்று சொல்லக் கூடாது. லேசான ஒன்றுகூட எனக்கு வரவில்லையே என்று அது இன்னும் ஒடுங்கிப்போகும். எந்தப் படியில் கால் இடறுகிறது என்று கேட்க வேண்டும்.

ராத்தாவின் மகனிடம் இதைச் சொன்னோம். மறுநாள் ஒரு கொப்பியோடு வந்தான். "உம்மும்மா, என்னென்ன பயமோ எல்லாத்தையும் செல்லுங்க, எழுதுறேன். பதில் தெரியாட்டி கேட்டுட்டு வந்து செல்றேன்." உம்மா நான்கு கேள்வி கேட்டார்.

முதல் கேள்வி: "மேலே போனா உன்ன யாரு பாத்துக்குவாங்க?"

வானம் வெறுமையாகத் தெரிந்தாலும் விமானங்களுக்கு அது பங்கு பிரிக்கப்பட்ட இடம். சர்வதேச முறைப்படி வான்பரப்பு ஏ முதல் ஜி வரை ஏழு வகுப்புகள். முதல் ஐந்தும் கட்டுப்பாட்டு வான்பரப்பு. இரத்மலானைக்கும் கட்டுநாயக்கவுக்கும் நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீற்றர்தான். பெரிய ஜெட் விமானங்கள் ஏறி இறங்குகிற இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு சின்ன விமானம் தன் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. ஓடுபாதைக்குப் போக ஓர் அனுமதி, மேலே ஏற ஓர் அனுமதி, வலயத்துக்குள் திரும்பி வர ஓர் அனுமதி, இறங்க ஓர் அனுமதி. எந்த உயரத்தில் எந்தப் பக்கமாகப் போகலாம் என்பதையும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் சொல்வார். கட்டுப்பாட்டாளரின் திரையில் இன்ன விமானம் என்று தெரிவதற்கு நான்கு இலக்க எண் ஒன்று கொடுக்கப்படும். ஒவ்வொரு இலக்கமும் 0 முதல் 7 வரை. எட்டை நான்கு தடவை பெருக்கினால் 4,096 எண்கள் வரும் (கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்). அதில் 7700 என்று போட்டால் அவசரநிலை, 7600 என்றால் ரேடியோ பழுது.

இதைவிட உம்மாவுக்குப் பிடித்துப்போனது வேறொன்று. கோபுரம் ஓர் அனுமதியைக் கொடுத்தால் பைலட் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. முக்கியமானதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னால் கோபுரம் அந்த இடத்திலேயே திருத்தும். "ஓதப் பள்ளியில லெப்பை ஓதித் தாற மாதிரி" என்றார் உம்மா. அதேதான். லெப்பை ஓத, பிள்ளை திருப்பி ஓதும். ஓர் எழுத்துப் பிசகினால் அங்கேயே நிறுத்தித் திருத்திவிட்டுத்தான் அடுத்த ஆயத்து.

வானத்தில் பேச்சு இவ்வளவு கண்டிப்பானதற்குப் பெரிய விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 1977 மார்ச் 27இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டத்தோடு, ரேடியோவில் பேசியதை இரு பக்கமும் வேறு வேறாக விளங்கிக்கொண்டதும் அதற்குக் காரணம். அதன் பிறகுதான் 'டேக் ஓஃப்' என்கிற சொல்லைக் கோபுரம் மேலே எழும்ப அனுமதி கொடுக்கிற நேரத்திலும் அதை ரத்துச் செய்கிற நேரத்திலும் மட்டும் பாவிப்பது என்று வந்தது. மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்' என்பார்கள்.

இரண்டாவது கேள்வி: "எஞ்சின் நிண்டு போனா?"

இதற்கு அவன் சிரிக்கவில்லை. நிற்கலாம் என்றுதான் சொன்னான். அவன் ஓட்டுவது செஸ்னா 172. 1955இல் முதன்முதலில் பறந்தது, இதுவரை 44,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதன் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்கு மின்பொறி கொடுக்க ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மெக்னீற்றோ. ஒன்று போனாலும் மற்றது ஓட்டும். புறப்படும் முன் இரண்டையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். இதையெல்லாம் தாண்டி எஞ்சின் நின்றாலும் விமானம் கல்லைப் போல விழாது. ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னால் மிதந்து போகும். 2,000 அடி உயரத்தில் இருந்தால் சுமார் 5 கிலோமீற்றர் தூரம், இரண்டு மூன்று நிமிட நேரம். அதற்குள் எங்கே இறக்குவது என்பதைப் பைலட் பறக்கும்போதே பார்த்து வைத்திருக்க வேண்டும். "அதனாலதான் கரையை விட்டுத் தூரப் போக மாட்டேன்" என்றான்.

மூன்றாவது: "ரேடியோ பேசாம போனா?"

கோபுரத்தில் வெளிச்சம் காட்டுகிற ஒரு விளக்கு இருக்கும். பறந்துகொண்டிருக்கும் விமானத்துக்கு விடாமல் எரிகிற பச்சை காட்டினால் இறங்கலாம். விடாமல் எரிகிற சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழி விட்டுச் சுற்றிக்கொண்டிரு. சிவப்பு விட்டு விட்டு மின்னினால் இங்கே இறங்காதே. வெள்ளவத்தைச் சந்தியில் நிற்கிற ட்ரஃபிக் லைட் மாதிரித்தான் என்று உம்மாவுக்கு விளங்கியது.

நான்காவது: "மழை வந்தா?"

இந்தக் கேள்விக்கு அவன் கொப்பியில் பதில் எழுதவில்லை. அன்றைக்கு எழுதாத பதில் பிறகுதான் கிடைத்தது.

ஒரு நாள் குறித்தோம். அடையாள அட்டை விபரமெல்லாம் முன்கூட்டியே கொடுத்தாயிற்று. ஒக்டோபர் மாதம். இடைப்பருவக் காற்றுக் காலத்தில் கொழும்புப் பக்கம் பகல் கழிந்தால் இடிமுகில் கட்டுவது எல்லோருக்கும் தெரியும். அதனால் காலை நேரத்தைத்தான் எடுத்தான். ஆனால் அன்று விடியும்போதே கடல் பக்கம் கறுத்திருந்தது. உம்மா உடுத்து, ஸலவாத்துச் சொல்லி, கைப்பையோடு ஆயத்தமாக இருந்தார். ராத்தா சாப்பாடுகூடக் கட்டியிருந்தார். அவன் வாசலுக்கு வந்து, "உம்மும்மா, இண்டைக்கு போக ஏலாது" என்றான்.

எங்களில் ஒருவர், "இப்ப மழை இல்லையே மகன்" என்றோம். அவன் விளக்கினான். கண்ணால் பார்த்துப் பறக்கிற விமானத்துக்குக் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் 5 கிலோமீற்றராவது பார்வை தெரிய வேண்டும். முகிலின் அடிப்பாகம் 1,500 அடிக்குக் கீழே இருக்கக் கூடாது. இவை குறைந்தால் விசேட அனுமதி கேட்கலாம். "எனக்குப் பழகின இடம்தான், கேட்டா சில நேரம் கிடைக்கும். ஆனா உம்மும்மாவை வெச்சுக்கொண்டு அப்படிப் போறதுக்கு நான் இன்னும் ஆள் இல்லை."

உம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தார். பிறகு எங்களிடம் சொன்னார்: "இவனோட போகலாம்." மூன்று கேள்விக்கும் கிடைத்த பதில்களைவிட அந்தப் போகாத நாள்தான் அவரை அசைத்தது.

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ சின்ன விமான விபத்துகள் கெட்டுப்போன காலநிலைக்குள் "போய்ப் பார்ப்போம்" என்று நுழைந்ததால் நடந்தவை. வீட்டார் காத்திருக்கிறார்கள், சாப்பாடு கட்டியாயிற்று, நாள் குறித்தாயிற்று என்கிற வெட்கம் பைலட்டைத் தள்ளும். அந்த வெட்கத்தை நாங்கள், குடும்பத்தார், கொடுக்கக் கூடாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமல் வைப்பதா என்று கேட்ட ஸஹாபிக்குக் கிடைத்த பதிலை ஜும்ஆ பயானில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம். திரும்பிப் போகத் தெரிவதும் கட்டுவதில் ஒரு பகுதிதான்.

இரண்டு மாதம் கழித்து, நல்ல வெளிச்சமான ஒரு காலையில் போனோம். புறப்படும் முன் எல்லோரையும் தராசில் ஏற்றி நிறுத்தான். உம்மாவின் கைப்பையையும் நிறுத்தான். நான்கு ஆசனம் இருந்தாலும் எண்ணெய் நிறைய இருந்தால் நான்கு பெரியவர்களை ஏற்ற முடியாது. அதனால் மூன்று பேர்தான் ஏறினோம். உம்மா முன்னால், அவனுக்குப் பக்கத்தில். முன்னால் இருந்தால் தூரத்து அடிவானம் தெரியும், தலை சுற்றாது என்றான். இறக்கையிலிருந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான்.

பிறகு உட்காரவைத்து மெதுவாகச் சொன்னான். "இப்ப என்னென்ன சத்தம் வரும் எண்டு செல்றேன். எழும்பினதும் கொஞ்சம் குலுங்கும். திரும்பும்போது ஒரு பக்கம் சாயும், அது விழுறதில்ல. இறங்கப் போகும்போது எஞ்சின் சத்தத்தைக் குறைப்பேன், நிண்டு போச்சு எண்டு நினைக்க வேணாம். நிலத்தைத் தொடுறதுக்கு முன்னால ஊதுற மாதிரி ஒரு சத்தம் வரலாம். வேகம் குறைஞ்சுட்டு எண்டு செல்ற மணி அது. இறங்கும்போது அது வாறது சரிதான். நான் கையை உயர்த்தினா யாரும் பேசக் கூடாது, கோபுரத்தோட பேசுறேன். உங்களுக்குப் போதும் எண்டா என்ட தோளைத் தட்டுங்க. காரணம் கேட்க மாட்டேன், திருப்பிருவேன்."

பிரயாண துஆவை உம்மா சத்தமாக ஓதினார். நாங்களும் ஓதினோம். ஹெட்செட்டில் கோபுரத்திலிருந்து ஒரு பெண் குரல். அவர் சொல்லச் சொல்ல இவன் திருப்பிச் சொன்னான். உம்மாவுக்கு இங்கிலீஷ் விளங்காது. ஆனால் அந்தச் சொல்லும் மறுசொல்லும் பிசகாமல் வருவதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓடுபாதை 22 இலிருந்து கடலை நோக்கி எழும்பினோம். 22 என்றால் திசைகாட்டியில் 220 பாகை, தென்மேற்கு. எதிர்ப்பக்கம் 04. கட்டுநாயக்க ஓடுபாதைக்கும் இதே இலக்கங்கள்தான். தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்த்து ஏறி இறங்க வசதியான திசை அது. கடல் வந்ததும் இடப்பக்கம் திரும்பி, கரையோரமாகத் தெற்கே. மொறட்டுவை, பாணந்துறை, பிறகு களு கங்கை கடலில் கலக்கிற இடம்.

களுத்துறை தாண்டியதும் இரண்டு தரம் குலுங்கியது. உம்மா அவன் தோளைத் தட்டினார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரேடியோவில் திரும்புகிறேன் என்று சொல்லக் கையை உயர்த்தினான். அதற்குள் உம்மா அவன் கையைப் பிடித்து, "இல்ல மகன், போ. செல்ற மாதிரித் திருப்புவியா எண்டு பாத்தேன்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் பேருவளை வந்தது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற கற்பாறை முனையில் கெச்சிமலைப் பள்ளிவாசல் வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் மீன்பிடித் துறைமுகம். சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்த இடத்தை உம்மா மேலேயிருந்து பார்த்தார். அங்கேயே வளைந்து திரும்பினோம். இறங்கும்போது அந்த ஊதல் சத்தம் கேட்டது. "இதானே நீ செல்லின மணி" என்றார்.

இனி வீட்டில் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்குச் சில விசயங்கள். தனியார் பைலட் லைசன்ஸுக்குச் சர்வதேச விதிப்படி குறைந்தது 17 வயது, பொதுவாகக் குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு, மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அந்த லைசன்ஸோடு சொந்தக்காரர்களை ஏற்றிப் போகலாம். காசு வாங்கிக்கொண்டு ஆளேற்ற முடியாது. அதற்கு வர்த்தக லைசன்ஸும், அதிகார சபையின் அனுமதி பெற்ற நிறுவனமும் வேண்டும். யாராவது "கொஞ்சம் காசு தாங்க, சுத்திக் காட்டுறேன்" என்றால் இதை முதலில் கேளுங்கள். உங்கள் பிள்ளையாகவே இருந்தாலும், கடந்த 90 நாளுக்குள் எத்தனை தரம் ஏறி இறங்கினாய் என்று கேளுங்கள். பல நாடுகளில் குறைந்தது மூன்று தரம் என்று சட்டமே இருக்கிறது. கேட்டால் நல்ல பைலட் கோபப்பட மாட்டார்.

பைலட் பிள்ளைகளுக்கும் ஒன்று. முதல் பயணத்தை இருபது முப்பது நிமிடத்தோடு முடியுங்கள். காலையில் போங்கள், காற்று அமைதியாக இருக்கும். உங்கள் திறமையைக் காட்ட விமானத்தைச் சரித்துத் திருப்பாதீர்கள். பயத்தை வைத்துப் பகிடி பண்ணாதீர்கள். நம் மூத்தவர்களின் பயத்துக்குத் திகதி இருக்கிறது, இடம் இருக்கிறது, இறந்தவர்களின் எண்ணிக்கை இருக்கிறது. அதைத் துடைத்தெறிய யாராலும் முடியாது. கேட்கிற கேள்விக்கு உண்மையான பதிலும், வேண்டாம் என்றால் திரும்புகிற மனமும்தான் நாம் கொடுக்கக்கூடியது.

உம்மாவுக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். போகவில்லை. அவன் பறக்கிற நாட்களில் ஸுபஹுத் தொழுதுவிட்டு முற்றத்தில் நின்று கடல் பக்கம் பார்க்கிறார். முகில் கறுத்திருந்தால் அவனுக்கு ஃபோன் எடுத்து, "இண்டைக்கு போறியா?" என்று கேட்கிறார். "இல்ல உம்மும்மா" என்று பதில் வந்தால் பிளேன்டீ குடிக்க உள்ளே வருகிறார்.